பதின்பருவத் தொடர்களில் அடுத்த வாரம் ஏன் வருவதில்லை?

8 ஜூன் 2025, காலை. கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி கேட்டது

பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள், பெருநாள் விடுமுறையில் கைப்பேசியில் வெளிநாட்டுப் பள்ளிக்கூடத் தொடர்களை வரிசையாகப் பார்த்துவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னாள். "உம்மா, முஸ்லிம் பெண் ஒருத்தி வந்தால் எத்தனையாவது பகுதியில் ஹிஜாபைக் கழற்றுவாள் என்று மட்டும் தெரிந்தால் போதும், மற்றக் கதையை நாமே சொல்லிவிடலாம்" என்றாள். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையாகவே இவை இப்படித்தான் எடுக்கப்படுகின்றனவா, அல்லது நாங்கள்தான் தொட்டாற்சிணுங்கிகளாக இருக்கிறோமா? இந்த வயதுப் பிள்ளைகளோடு பழகுகிறவர்கள் சொல்லுங்கள்.

8 ஜூன், இரவு

உங்கள் மகள் சொன்னதில் முக்கால் பங்கு சரி. மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். மாணவிகள் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காகத் தொடங்கிய பழக்கம், இப்போது அவர்களைவிட நான்தான் அதிகம் பார்க்கிறேன் என்ற நிலைக்கு வந்துவிட்டது.

'எலீட்' 2018இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ஸ்பானியத் தொடர். சிறு கடை நடத்தும் பாலஸ்தீனக் குடும்பத்துப் பெண் நாடியா, பணக்காரப் பிள்ளைகளின் பள்ளியில் உதவித்தொகையில் வந்து சேர்கிறாள். ஹிஜாபோடு வரக்கூடாது என்று பள்ளி சொல்கிறது, கழற்றுகிறாள். அப்போது அது அவமானமாகக் காட்டப்படுகிறது. பிறகு ஒரு நாள் நடன விடுதியில் கூந்தலை விரித்து ஆடுகிறாள். அதே கழற்றல் இப்போது விடுதலையாகிவிடுகிறது, இசையும் வெளிச்சமும் அவள் பக்கம் சாய்கின்றன. பள்ளி செய்த அநியாயத்தைக் கதை மன்னித்துவிட்டதா மறந்துவிட்டதா என்று எனக்கு விளங்கவில்லை. 2022இல் கர்நாடகத்தில் இதே துணிக்காக மாணவிகள் கல்லூரி வாசலில் நிறுத்தப்பட்டதையும், அந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் ஒருவருக்கொருவர் மாறான தீர்ப்பு எழுதியதையும் செய்தியில் பார்த்து வளர்ந்த ஒரு கீழக்கரைப் பெண்ணுக்கு அந்த நடனம் எப்படிப் படும் என்பது மாட்ரிட்டில் உட்கார்ந்து எழுதியவர்களின் கவலையாக இருந்திருக்க முடியாதுதான். உங்கள் மகளுக்கு அது கவலை.

மீதிக் கால் பங்கு 'ஸ்காம்'. நார்வேயின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஆர்கே 2015 முதல் 2017 வரை வெளியிட்டது. அதன் நான்காம் பருவம் சனா என்ற முஸ்லிம் மாணவிக்கு உரியது. நடித்த இமான் மெஸ்கினி தம் வாழ்க்கையிலும் ஹிஜாப் அணிபவர். சனா அதைக் கழற்றுவதில்லை. கழற்றலாமா என்பதே அங்கே கதை இல்லை. தோழிகளோடு கசப்பு வருகிறது, மனத்துக்குப் பிடித்த பையனுக்கு மார்க்கத்தில் நம்பிக்கை இல்லை என்று தெரிகிறது, தேர்வு நெருங்குகிறது. காட்சி திங்கட்கிழமை காலை நடப்பதாக இருந்தால் திங்கட்கிழமை காலையில்தான் அதை இணையத்தில் இடுவார்கள் என்பதால், பார்ப்பவர்களின் வாரமும் சனாவின் வாரமும் சேர்ந்தே நகர்ந்தன. குறை ஒன்று உண்டு. பருவத்தின் கடைசிப் பகுதியை மற்றப் பாத்திரங்களுக்குப் பங்கு வைத்துவிட்டார்கள். கந்தூரிச் சோறு ஊருக்கெல்லாம் விளம்பிவிட்டு, ஆக்கிய வீட்டுக்காரிக்குச் சட்டியைச் சுரண்டிக் கொடுத்தது போல ஆயிற்று.

9 ஜூன்

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கழற்றுகிற பெண்ணின் கதையே பொய் என்பது போன்ற ஒரு தொனி அதில் வந்துவிட்டது. அப்படி இல்லை. தானாக விரும்பிக் கழற்றும் பெண்களும் இருக்கிறார்கள், நம் கடற்கரையிலும் இருக்கிறார்கள், அவர்கள் கதையையும் எடுக்கத்தான் வேண்டும். 'எலீட்'டில் வாப்பாவோடு சண்டை வருகிறதே என்று ஒருவர் கேட்கிறார். வருகிறது. நான் பார்க்க விரும்பியது சண்டைக்கு மறுநாள். இருவரும் ஒரே கடையில் நின்று ஒரே கல்லாவைத் தொட்டாக வேண்டிய அந்தக் காலை எனக்குப் போதவில்லை.

14 ஜூன்

மீன்பிடித் தடைக்காலம் இன்றோடு முடிகிறது. 61 நாள் கரையில் கிடந்த விசைப்படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் சத்தம் தெரு முழுக்கக் கேட்கிறது. திங்கட்கிழமை வகுப்பில் பாதிப் பேர் தூங்குவார்கள்.

இதற்கிடையே பாம்பனிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: ஸ்பெயின், நார்வே என்று பேசுகிறீர்களே, நம் பிள்ளைகளில் எத்தனை பேர் நெட்ஃபிளிக்ஸுக்குப் பணம் கட்டிப் பார்க்கிறார்கள்? நல்ல கேள்வி. என் வகுப்பில் கையைத் தூக்கச் சொன்னால் இரண்டு பேர்தான் தூக்குவார்கள். ஆனால் கதைகள் எல்லாருக்கும் தெரியும். தொடர் முழுவதையும் பன்னிரண்டு நிமிடத்தில் தமிழில் சொல்லிவிடும் யூட்யூப் குரல்கள் இருக்கின்றன. அந்தக் குரலுக்கு எந்த நாட்டுப் பையனும் "நம்ம ஹீரோ", எந்த நாட்டுப் பெண்ணும் "நம்ம ஹீரோயின்". எட்டு மணி நேரக் கதையை அப்படிச் சுருக்கினால் எது மிஞ்சும் என்று நினைக்கிறீர்கள்? "இங்கதான் கதையில ஒரு ட்விஸ்ட்" என்ற வாக்கியமும் அதற்குப் பின்னால் வருகிற பொருளும் மட்டும் மிஞ்சும். சனாவின் கதையை இந்தக் குரல்களால் சொல்ல முடியவில்லை. நானும் தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட அகப்படவில்லை. நாடியாவின் கதையை எல்லாப் பிள்ளைகளும் அறிவார்கள்.

15 ஜூன்

அடையாளத்தைத் திருப்பமாகப் பயன்படுத்துவதைப் பற்றி எழுதும்போது 'க்ளீ' நினைவுக்கு வந்தது. 2009 முதல் 2015 வரை ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ஓடிய அமெரிக்கத் தொடர். ஒவ்வொரு வாரமும் ஒரு சமூகப் பிரச்சினையைத் தூக்கிக்கொண்டு வந்து, பாட்டுப் பாடி, வழியனுப்பி வைத்துவிடும். சக்கர நாற்காலியில் இருக்கும் ஆர்ட்டியாக நடித்தவர் நடக்கக் கூடியவர். ஆகவே 2010 கிறிஸ்துமஸ் பகுதியில் அவனைக் கனவில் எழுப்பி வணிக வளாகத்தில் ஆட விட்டார்கள். அதே தொடரில் க்வின் என்ற பெண் 2012 பிப்ரவரியில் கார் ஓட்டிக்கொண்டே குறுஞ்செய்தி அனுப்பி விபத்தில் சிக்குகிறாள், சக்கர நாற்காலிக்கு வருகிறாள், மே மாத நடன விழாவில் எழுந்து நிற்கிறாள். மூன்று மாதம். எங்கள் பள்ளியில் சாய்தளம் கேட்டு எழுதிய மனுவுக்குப் பதில் வர அதைவிட அதிக நாள் ஆயிற்று.

16 ஜூன்

திருத்தம். ஆர்ட்டியின் கனவு நடனம் 2010 மே மாதப் பகுதியில் வந்தது. கிறிஸ்துமஸ் பகுதியில் வந்தது வேறு: அன்று யாரோ ஒருவர் அவனுக்கு எழுந்து நடக்க உதவும் இயந்திரக் கால்களைப் பரிசாக வைத்துவிட்டுப் போகிறார், அவன் சில அடி நடக்கிறான், எல்லோரும் நெகிழ்கிறார்கள். அதன்பின் அவன் பழையபடி நாற்காலியில்தான் வருகிறான். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். மன்னிக்க. ஆனாலும் ஒரே வருடத்தில் இரண்டு முறை எழுப்பியிருக்கிறார்கள் என்பதால் என் குற்றச்சாட்டு குறையவில்லை, ஒன்று கூடியிருக்கிறது.

29 ஜூன்

இரண்டு வாரமாக விடைத்தாள் வேலை. அதற்குள் ஒருவர், தொடர் நீளமாக ஓடினால் இந்தக் குறை தானாகத் தீர்ந்துவிடும் என்று எழுதியிருக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், 'டெக்ராஸி' பார்க்கும் வரை.

கனடாத் தொடரான அது பல வடிவங்களில் 1980களிலிருந்து வந்தது. பதினைந்து வயதுப் பாத்திரத்துக்கு ஏறக்குறைய அந்த வயதுப் பிள்ளைகளையே நடிக்க வைத்த தொடர். பெண் கருக்கலைப்புச் செய்துகொண்டு அதற்காக வருந்தாத ஒரு பகுதியை 2004இல் கனடாவில் காட்டினார்கள். அமெரிக்க அலைவரிசை அதை 2006 வரை ஒளிபரப்பவில்லை. அப்படிப்பட்ட துணிச்சல்காரர்கள் 2010இல் ஆடம் என்ற திருநம்பியைக் கொண்டுவந்தார்கள். கழிப்பறைத் தகராறு, பாட்டி வரும்போது மட்டும் பழைய உடையை உடுத்தச் சொல்லும் தாய் என்று நிதானமாக எழுதினார்கள். மூன்று ஆண்டு அவன் அங்கே இருந்தான். 2013இல், கார் ஓட்டும்போது குறுஞ்செய்தி அனுப்பாதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு ஒரு சாவு தேவைப்பட்டது. பள்ளி முழுக்கப் பிள்ளைகள் இருக்க, ஆடமைத்தான் கொன்றார்கள். ஒரே பாடத்துக்கு 'க்ளீ' மூன்று மாத நாற்காலி கொடுத்தது, 'டெக்ராஸி' சவப்பெட்டி கொடுத்தது.

நம் யூட்யூப் குரல் ஒன்று ஆடமைப் "பையன் வேஷம் போட்ட பொண்ணு" என்றே கடைசிவரை சொல்லிற்று. திருநம்பி என்ற சொல்லைத் தமிழ்நாட்டு அரசு 2022இல் அரசிதழிலேயே பட்டியலிட்டு வெளியிட்டாயிற்று. 'ப்ரிட்டி லிட்டில் லையர்ஸ்' என்ற தொடரின் சுருக்கம் இன்னும் மோசம், ஆனால் அங்கே பழி குரலுடையது இல்லை. 2010 முதல் ஐந்து ஆண்டு மறைத்து வைத்த வில்லி யார் என்ற கேள்விக்கு 2015இல் அவர்கள் கொடுத்த விடையே, அவள் ஒரு திருநங்கை என்பதுதான். சுருக்கியவருக்கு வேலையே வைக்கவில்லை.

என் வகுப்பில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் இருந்தான். மற்றவர்கள் அவனை "ஒன்பது" என்று கூப்பிடுவார்கள். நான் கண்டிப்பேன், மறுநாளும் கூப்பிடுவார்கள். ஏதோ ஒரு தொடரில் மாணவன் ஒருவன் தன்னைப் பற்றி வகுப்பில் எழுந்து சொல்ல, எல்லோரும் கைதட்டிய காட்சியை அவன் பார்த்திருந்தான். "டீச்சர், அவங்க வீட்டுக்கு அதுக்கப்புறம் யாரும் வரலையா?" என்று கேட்டான். யார் வர வேண்டும் என்றேன். சித்தப்பா, ஊர்த் தலைவர், கோயிலில் பங்குச் சாமியார், அப்பா போகும் படகின் முதலாளி என்று விரல் விட்டு எண்ணினான். அந்தத் தொடரில் அவனுடைய ரகசியத்தை அறிய வேண்டியவர்கள் அப்பா, அம்மா, நண்பர்கள், அவ்வளவே. அதுவும் சொன்னால்தான் தெரியும். இவனுக்குச் சொல்வதற்கு ரகசியமே இல்லை, அவனுக்கு முன்னால் ஊர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. மர்ம முடிச்சை அவிழ்க்கும் கதைக்குள் அவனை வைக்க முடியாது.

6 ஜூலை

வெளிநாட்டைத் திட்டுவது சுலபம், நம் தொடர்களைச் சொல்லுங்கள் என்கிறார்கள். சரி. 'கனா காணும் காலங்கள்' 2006இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கியபோது நான் வேலையில் சேர்ந்து சில வருடங்களே ஆகியிருந்தன. மறுநாள் முதல் பாடவேளையில் அதைத் தவிர வேறு பேச்சு இருக்காது. மாமியார்களுக்கு மட்டுமே தொலைக்காட்சி என்றிருந்த காலத்தில் அது பள்ளிச் சீருடையைத் திரைக்குக் கொண்டுவந்தது. அதற்காக அதன்மேல் இன்றும் எனக்குப் பிரியம் உண்டு. 2022இல் ஹாட்ஸ்டாரில் புதுப்பித்தார்கள், அதையும் பார்த்தேன்.

இரண்டிலும் நான் பார்த்த பகுதிகளில் ஒரு மணிக்கட்டிலும் கயிறு இல்லை.

தென்மாவட்டத்தில் பள்ளிக்குப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மஞ்சளும் சிவப்பும் ஒரு சாதி, பச்சையும் சிவப்பும் இன்னொன்று என்று நிறம் பார்த்தே யார் பக்கத்தில் உட்காரலாம் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே வீடு தேடிப் போய் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், கைக்கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. அரசு அறிக்கைக்குத் தெரிகிற கயிறு தொடர் எடுப்பவர்களின் கேமராவுக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருக்க முடியாது என்பது என் எண்ணம். ஒப்பனையாளர் ஒவ்வொரு நடிகரின் தலைமுடியையும் சட்டைக் காலரையும் சரிசெய்கிறார். வெறும் மணிக்கட்டும் ஒருவர் முடிவு செய்ததுதான்.

நம் தொடர்களில் சாதி வரும்போது கிராமத்துப் பெரியவர் மீசையோடு வருவார், ஒரு காதலைப் பிரிப்பார், கடைசியில் திருந்துவார் அல்லது சாவார். பள்ளிக்கூடம் சாதியிலிருந்து தப்பி ஓடி வருகிற இடமாக இருக்கும். கயிறு கட்டிக்கொள்கிற இடமே பள்ளிக்கூடம்தான் என்பதைச் சொல்ல நல்ல பையன்களாக நடிப்பவர்களின் கையிலும் அதைக் கட்ட வேண்டியிருக்கும். நாயகன் கையில் கட்டினால் எந்த நிறம் என்று கேள்வி வரும். அங்கேதான் தயாரிப்பாளர் எழுந்துபோவார்.

7 ஜூலை

"கயிறு காட்டினால் அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் கட்டுவான்" என்று சாயல்குடிக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. எங்கள் ஊரில் ஒரு படத்தின் நாயகன் கட்டிய துண்டின் நிறத்தில் அடுத்த வாரம் இருபது துண்டு விற்றதை நானே பார்த்திருக்கிறேன். நேற்று எழுதும்போது இருந்த கோபம் இன்று அந்த அளவுக்கு இல்லை. காட்டுவதா மறைப்பதா என்பதைவிட, கட்டியவன் ஒருநாள் அதைக் கழற்றிக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நண்பன் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறான் என்ற மாதிரி ஒரு காட்சியை எழுதத் தெரிந்தவர்கள் கையில் கொடுத்தால் போதும் என்று தோன்றுகிறது. அப்படிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து மறுபடி கட்டிக்கொள்வார்கள்.

20 ஜூலை

இதுவரை பிறரைக் குறை சொன்னேன். இது என்னைப் பற்றியது.

2023 பிப்ரவரியில் பள்ளி ஆண்டு விழாவுக்கு இருபது நிமிட நாடகம் ஒன்று எழுதினேன். மண்டபம் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து எங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைகளைப் பற்றியது. ஒன்பதாம் வகுப்பில் படித்த முகாம் மாணவி ஒருத்தியையே நாயகியாகப் போட்டேன். உண்மையான பிள்ளை நடித்தால் நாடகமும் உண்மையாக இருக்கும் என்று எண்ணினேன். முதல் காட்சியில் வகுப்புத் தோழி அவளை "அகதி" என்று கேலி செய்கிறாள். இரண்டாம் காட்சியில் இவள் வேப்பமரத்தடியில் அழுகிறாள். மூன்றாம் காட்சியில் தமிழாசிரியை ஒருவர் வந்து, கடல் பிரித்தாலும் மொழி சேர்க்கும் என்று ஒரு பக்கத்துக்குப் பேசுகிறார். கேலி செய்தவள் மன்னிப்புக் கேட்க, இருவரும் கட்டிக்கொள்ள, திரை. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. சிறப்பு விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன், சொல்லப்போனால்.

அவளுடைய அம்மா மட்டும் வரவில்லை. காரணத்தை மறுநாள்தான் கேட்டேன். அன்று முகாமில் ஆள் சரிபார்ப்பு. அவர்கள் அதைச் செக்கிங் என்பார்கள். குடும்பத்தோடு நேரில் நின்று கையெழுத்துப் போட்டால்தான் மாத உதவித்தொகை. அலுவலர் வரத் தாமதமாகி வரிசை மாலை வரை இழுத்துவிட்டது. பிள்ளையை மட்டும் சொல்லிக் கெஞ்சி முன்னால் அனுப்பியிருக்கிறார். ஆறு வாரம் அவளுக்கு ஒத்திகை வைத்தவள் நான். முகாமில் செக்கிங் எந்த நாளில் வரும் என்று ஒருமுறைகூடக் கேட்டிருக்கவில்லை. கேட்டிருந்தால் விழாவை மாற்ற முடியாவிட்டாலும் நாடகத்தை மாற்றியிருக்கலாம். நான் எழுதியதில் கேலி இருந்தது, அழுகை இருந்தது, என் சொற்பொழிவு இருந்தது. அவள் மாதம் தோறும் நிற்கிற வரிசை எங்கேயும் இல்லை. 'க்ளீ'க்காரர்களை நான் என்ன முகத்தோடு கேலி செய்தேன் என்று இப்போது வியப்பாக இருக்கிறது.

அதே ஆண்டு 'நெவர் ஹாவ் ஐ எவர்' தொடரின் கடைசிப் பருவம் வந்தது. 2020இல் தொடங்கிய அமெரிக்கத் தொடர். கலிஃபோர்னியாவில் வளரும் தேவி என்ற இந்தியத் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணின் கதை. நல்லதும் கெட்டதும் ஒரே வீட்டில் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். அப்பா இறந்த அதிர்ச்சியில் தேவியின் கால்கள் மூன்று மாதம் செயலிழக்கின்றன; பிடித்த பையனை எட்டிப் பார்க்கும் ஆவலில் எழுந்து நின்றுவிடுகிறாள். சிரிப்புக்காக வைத்தது, கால் ஊனமுற்றவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள். ஆனால் அப்பாவின் சாவை அவர்கள் அப்படி விட்டுவிடவில்லை. நான்கு பருவமும் அது திரும்பத் திரும்ப வருகிறது, மனநல ஆலோசகரிடம் போகிறாள், சரியாகிவிட்டாள் என்று நினைக்கும்போது மறுபடி உடைகிறாள். அடையாளத்துக்குக் கிடைக்காத அடுத்த வாரம் துக்கத்துக்குக் கிடைத்தது.

தேவியாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவில் பிறந்தவர். பெற்றோர் இலங்கைப் போருக்குத் தப்பி அங்கே போன தமிழர்கள். என் மாணவி இதை எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னாள்: "அந்த அக்காவும் எங்கட ஆக்கள்தானே டீச்சர். இந்தியப் பிள்ளையா நடிக்கிறா. நான் இங்கதான் பிறந்தனான்." அதற்குமேல் அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் மூன்றாம் காட்சியில் பேசியது போல எதையும் பேசத் துணியவில்லை. தேர்வுத் தாளைக் கொடுத்து அனுப்பினேன்.

21 ஜூலை

"இங்கே பிறந்தவள் எப்படி இந்தியர் ஆகாமல் இருப்பாள்?" என்று நேற்றைய குறிப்பைப் படித்த இருவர் கேட்கிறார்கள். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்களுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. அதற்குப் பின் பிறந்தவர்களுக்குப் பெற்றோரின் நிலையையும் பார்ப்பார்கள். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், நீதிமன்றம் வரை போய்க் கடவுச்சீட்டு வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அந்தத் தேதிக்குப் பின் முகாமில் பிறந்த அகதிப் பெற்றோரின் பிள்ளைகளுக்கு அந்த வழி இல்லை. 2021இல் அரசு இவற்றை மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றியது. "அகதி" என்று கேலி செய்ய இப்போது பலகையில் அந்தச் சொல் இல்லை. இதை ஒரு பதின்பருவத் தொடராக யாரும் எடுக்க மாட்டார்கள். வில்லன் ஒரு தேதி. தேதியைத் திருத்தி அழ வைக்க முடியாது.

6 ஆகஸ்ட்

2001இல் இதே நாளில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் எரிந்து இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். இந்தக் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு மனநோய் என்பது பார்த்திராத விஷயம் இல்லை; தர்காவுக்கு அழைத்து வரப்பட்டவர்கள் பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருப்பார்கள். தொடர்களில் மட்டும் அது கடைசிப் பகுதியில் வெளிப்படும் ரகசியமாக இருக்கிறது.

'தேர்ட்டீன் ரீசன்ஸ் ஒய்' பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2017 மார்ச்சில் வந்தது. உயிரை விட்ட பெண், தன்னை அந்த இடத்துக்குத் தள்ளியவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒலிநாடாவில் பேசி வைத்துவிட்டுப் போகிறாள். மருத்துவர்கள் எதிர்த்தார்கள். அவள் சாவைக் காட்டிய காட்சியை 2019 ஜூலையில்தான் நெட்ஃபிளிக்ஸ் நீக்கிற்று, இரண்டு ஆண்டு கழித்து. தொடர் வந்த மறுமாதம் அமெரிக்கச் சிறாரிடையே தற்கொலை கூடியதாக ஓர் ஆய்வு சொன்னது. அதே எண்களை வேறு விதமாகக் கணக்கிட்டு மற்றவர்கள் மறுத்தார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. எனக்கு அந்தக் காட்சியைவிட ஒலிநாடா பயமாக இருக்கிறது. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "செத்த பிறகு அவள் சொல்றத எல்லாரும் உட்கார்ந்து கேக்குறாங்க டீச்சர்." உயிரோடு இருக்கும்போது யாரும் காது கொடுக்காத பெண்ணுக்குச் சாவு ஒலிபெருக்கி கொடுக்கிறது என்பதைத்தான் அவள் கதையாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். உண்மையில் இறந்தவர்கள் எதையும் கேட்க வைப்பதில்லை, கேட்கும் நேரத்தில் அவர்கள் இருப்பதும் இல்லை. அன்று பாடத்தை விட்டுவிட்டு அவளோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். மறுநாளும், அதற்கு மறுநாளும் இரண்டு நிமிடம் பேசினேன். அன்றிலிருந்து என் வகுப்புக் கரும்பலகையின் மூலையில் 14416 என்ற மனநல உதவி எண் அழியாமல் இருக்கிறது. கணக்கு ஆசிரியர் மட்டும் அதை இரண்டு முறை விடை என்று நினைத்து அழித்துவிட்டார்.

17 ஆகஸ்ட்

கீழக்கரை வாசகியின் மகள் தானே ஆறு வரி எழுதி அனுப்பியிருக்கிறாள். அவள் பார்க்க விரும்பும் தொடரில் ஹிஜாப் அணிந்த பெண் பள்ளிக் கோகோ அணியில் இருக்க வேண்டுமாம். ஓடும்போது ஊக்கு கழன்று விழ வேண்டுமாம். "யாருட்டயாச்சும் ஊக்கு இருக்கா" என்று அவள் கேட்க, எதிரணிப் பெண் ஒருத்தி தன் சீருடையிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். அதற்குமேல் அதைப் பற்றி ஒருவரும் பேசக் கூடாதாம். எந்த அணி வெல்ல வேண்டும் என்று கேட்டேன். அது அவளுக்கு முக்கியம், அவள் அணிதான்.

என் முகாம் மாணவி இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. இந்த ஆண்டு நாடகத்தில் நடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஒரு காட்சியை எழுதித் தருகிறாயா என்று கேட்டேன், எழுதினாள். செக்கிங் வரிசை. வசனம் ஏறக்குறைய இல்லை. பத்துப் பேர் நிற்கிறார்கள். ஒரு பாட்டி கால் கடுத்துப் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்காருகிறார். ஒரு பெயரைத் தப்பாகக் கூப்பிடுகிறார்கள், யாரும் போகவில்லை, மறுபடி கூப்பிடுகிறார்கள். வரிசை ஓரடி நகர்கிறது. பாட்டி எழுந்து வாளியை ஓரடி நகர்த்தி மறுபடி உட்காருகிறார். ஒத்திகையில் பதினோரு நிமிடம் வந்தது. ஒன்றுமே நடக்கவில்லையே, நான்கு நிமிடத்தில் முடியுங்கள் என்றார் தலைமையாசிரியர். அவள் ஒன்பது என்றாள். நேற்று மாலை ஆறரை நிமிடத்தில் வந்து நிற்கிறோம். வாளியை மட்டும் வெட்ட விட மாட்டாளாம்.